கூடாரமும் கோட்டையும்

திருவான்மியூர் முதல் வேளாங்கண்ணி வரை ஒரு வரலாற்றுப் பயணம்

மனித வாழ்வை வழிப்பயணத்திற்கு ஒப்பிடுவது நம் நாட்டுச் சமயங்கள் அனைத்திற்கும் பொதுவான மரபு. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் திருச்சபையைப் பயணம் செய்யும் இறைமக்களாகவே நமக்குக் காட்டிற்று. விவிலியத்தைத் திறந்தால் கூடாரங்கள் நிறைந்திருக்கின்றன. ஆபிரகாம் கூடாரவாசி. பாலைவனத்தில் இறைவனின் பேழையும் கூடாரத்திலேயே தங்கியது. புனித பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி. வாக்கு மனிதரான மறைபொருளைச் சொல்லும்போது, நற்செய்தியாளர் யோவான் கையாளும் கிரேக்கச் சொல்லுக்குக் கூடாரம் அடித்துத் தங்குதல் என்பதே வேர்ப்பொருள்.

இக்காலத்தில் கூடாரம் நமக்கு வேறொரு வகையில் அறிமுகமாகியிருக்கிறது. விடுமுறை வந்துவிட்டால், தென்சென்னைக் குடும்பங்கள் பல, மடிக்கும் கூடாரமும் பாயும் சமையல் பாத்திரங்களும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, திருவான்மியூரிலிருந்து தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட்டுவிடுகின்றன. பகலில் மலைக்கோட்டைகளையும் பழைய பட்டினங்களையும் பார்ப்பது, இரவில் கடற்கரையில் கூடாரமிட்டு உறங்குவது என்பது இளையோரிடையே பரவிவரும் விருப்பம். நல்ல விருப்பமே. ஆனால் நமக்கு முன்னரும் இக்கரையில் பலர் வந்து தங்கினார்கள். அவர்களுள் சிலர் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். சிலர் அதையே கோட்டையாக்கிக் கொண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்றவை யாவை, அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் யாவர் என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் பயணம் வெறும் பொழுதுபோக்காக முடிந்துவிடாது.

பசித்தவர்கள் வெட்டிய வழி

திருவான்மியூர் பழம்பெரும் தலம். சம்பந்தரும் அப்பரும் பாடிய மருந்தீசர் கோயில் இங்குள்ளது. வான்மீகி முனிவர் பெயரால் ஊர்ப்பெயர் அமைந்ததாகத் தலபுராணம் கூறும். வழிபடுவோரும் நோய்தீர வேண்டுவோரும் நெடுங்காலமாக இவ்வூரை நாடி நடந்து வந்திருக்கிறார்கள். அதன் கிழக்கே மீனவர் குப்பம், அதற்கப்பால் கடல்.

இன்று அகன்று கிடக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை மிகப் பழையதன்று. கடலோரச் சிற்றூர்களைத் தொட்டுச் சென்ற சிறிய சாலைகளை இணைத்து 1990-களில் உருவாக்கப்பட்டது அது. அதற்கு முன்னர் இப்பகுதியின் சுமைகளைத் தாங்கியது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய அக்கால்வாய், பின்னர்ப் படிப்படியாக நீண்டு, தெற்கே மரக்காணம் வரை சென்றது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்தோடு நினைவுகூர்ந்த கொடும்பஞ்சத்தின்போது, 1877-78-இல், நிவாரணப் பணியாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. பசியால் எலும்பும் தோலுமாகி வந்தவர்கள் கூலிக்கு மண் சுமந்தார்கள். கால்வாய்க்கு வழங்கிய பெயரோ அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனுடையது. வழிகளை அமைத்தவர்களின் பெயர் வழிகளுக்கு இருப்பதில்லை என்பது இப்பயணத்தின் தொடக்கத்திலேயே நாம் கற்கும் பாடம்.

மலைமீது ஒரு சிலுவை

தெற்கே திரும்பும் முன், திருவான்மியூருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள புனித தோமையார் மலையில் ஏறி இறங்குவது முறை. முந்நூறு அடி அளவே உயரமுள்ள சிறு குன்றுதான். ஆயினும், கி.பி. 72-இல் திருத்தூதர் தோமா இங்கு உயிர்நீத்தார் என்ற மரபினால் உலகக் கிறித்தவர்கள் அறிந்த குன்று அது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, திருத்தூதரின் கல்லறையைக் கிறித்தவர்கள் மட்டுமல்லாமல் இசுலாமியரும் நாடி வந்ததைக் குறித்திருக்கிறார். அங்கிருந்து எடுத்துச் செல்லும் மண்ணை நோயாளிகளுக்குக் கொடுப்பார்கள் என்றும் எழுதினார். அக்காலத்தில் அங்குப் பேராலயம் இல்லை, மதில் இல்லை. ஒரு கல்லறையும் அதை நாடி வந்த கால்களும் இருந்தன.

போர்த்துகீசியர் 1523-இல் மலைமேல் ஆலயம் எழுப்பினர். பழைய பாரசீக எழுத்துகள் பொறித்த கற்சிலுவை 1547-இல் அங்குக் கிடைத்தது. 18-ஆம் நூற்றாண்டில் பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர், மலையேறும் திருப்பயணிகள் துன்புறாதிருக்கப் படிக்கட்டுகள் அமைத்தார். அவரே 1726-இல் சைதாப்பேட்டையருகே அடையாற்றின் குறுக்கே பாலமும் கட்டினார். இன்று அங்கே மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. உஸ்கான் பிறந்த மண்ணை விட்டு வந்தவர். வழிநடையின் வருத்தம் அறிந்தவர். தம் செல்வத்தைப் பிறர் நடக்கும் படிகளாகவும் பிறர் கடக்கும் பாலமாகவும் மாற்றிய அவரைப் போன்றோரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஆனால் மயிலைக் கடற்கரையில் போர்த்துகீசியர் அமைத்த சாந்தோம் நகரம் படிக்கட்டுகளோடு நிற்கவில்லை. திருத்தூதரின் கல்லறையைச் சுற்றி மதிலும் கொத்தளமும் எழுந்தன. 1672-இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றி 1674-இல் இழந்தபின், அம்மதில்கள் இடித்துத் தள்ளப்பட்டன. கல்லறை இருந்தது, திருப்பயணிகள் தொடர்ந்து வந்தார்கள். மதில் இல்லாததால் அங்கு மன்றாட்டுக் குறைந்துபோனதாக வரலாறு இல்லை.

இடம் கேட்டவர்களின் கோட்டைகள்

இனிக் கடற்கரைச் சாலை. கொட்டிவாக்கம், நீலாங்கரை, முட்டுக்காடு என்று சென்றால் முதலில் வருவது கோவளம். 1808-இல் செல்வந்த வணிகரான ஜான் டி மோன்டி எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அங்கு ஒரு கோட்டையும் இருந்தது. 1752-இல் இராபர்ட் கிளைவ் அதனைப் பிரெஞ்சுத் தரப்பிடமிருந்து கைப்பற்றினார். கோட்டை இருந்த இடத்தில் இன்று உல்லாச விடுதி இருக்கிறது. ஆலயமும் மசூதியும் மீனவர் குடியிருப்பும் இன்னும் அதே ஊரில் அருகருகே உள்ளன.

மாமல்லபுரத்தை அறியாதவர் இல்லை; அதனைக் கடந்து செல்வோம். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரின் செங்கற்கோட்டை சிதைந்து கிடக்கிறது. சுற்றுப்புற நெசவாளர்கள் நெய்த மெல்லிய துணிகளை வாங்கிச் செல்ல வந்தவர்கள் அவர்கள். கோட்டைக்குள் உள்ள கல்லறைப் பலகைகளில் அவர்களின் பெயர்கள் அழகாகச் செதுக்கப்பட்டுள்ளன. துணி நெய்தவர்களின் பெயர் ஒன்றேனும் அங்கில்லை. இன்னும் தெற்கே கடப்பாக்கத்தருகே ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. பத்தே ஆண்டுகள்! எஞ்சிய சுவர்களையும் 2004-ஆம் ஆண்டின் கடற்கோள் மேலும் சிதைத்தது.

இந்தக் கோட்டைகளின் பிறப்பு ஏறத்தாழ ஒரே வகையானது. கடலில் வந்தவர்கள் கரையில் சரக்கு வைக்க ஒரு கொட்டகைக்கு இடம் கேட்டார்கள். உள்ளூர் ஆட்சியாளர் கொடுத்தார். கொட்டகை பண்டகசாலை ஆயிற்று. பண்டகசாலைக்குக் காவல், காவலுக்கு மதில், மதிலுக்குப் பீரங்கி. விருந்தினராக வந்தவர் எந்த நாளில் உரிமையாளரானார் என்பதை எவராலும் குறித்துச் சொல்ல முடியாது. தரங்கம்பாடியில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரின் இசைவுடன் டேனியர் 1620-இல் எழுப்பிய கோட்டையும் இவ்வாறு தோன்றியதே. அவர்களும் 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். எனினும், 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு நிறுவிய அச்சகத்தில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. பீரங்கிகள் துருப்பிடித்தன, அச்செழுத்து நிலைத்தது.

மலைக்கோட்டையின் மௌனம்

ஆலம்பரையிலிருந்து மரக்காணம் வழியே திண்டிவனம் சென்று, மேலும் மேற்கே சற்றேறக்குறைய 28 கிலோமீட்டர் சென்றால் செஞ்சி. சமவெளியில் பாறைக் குன்றுகள் திடீரென எழுகின்றன. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து மதில் ஓடுகிறது. இராஜகிரியின் உச்சி தரையிலிருந்து ஏறத்தாழ 800 அடி உயரம். 2025-இல் மராத்தியர் காலக் கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றது செஞ்சியே.

கத்தோலிக்கர்களான நமக்குச் செஞ்சியோடு ஒரு பழைய உறவுண்டு. 1597-இல் இயேசு சபையின் பார்வையாளராக வந்த நிக்கோலாஸ் பிமென்டா அடிகளார், இந்நகரின் பெருமையைக் கண்டு வியந்து, போர்த்துகலில் லிஸ்பனைத் தவிர இதற்கு ஈடான நகரில்லை என்ற கருத்துப்பட எழுதினார். அன்று ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் வைணவப் பற்று மிக்கவர். ஆயினும் அவர் அடிகளாரை மதிப்போடு வரவேற்று, வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் தாம் எழுப்பி வந்த புதிய பட்டினத்தில் ஆலயம் கட்ட இசைவளித்தார். வேற்றுச் சமயத்தாரின் பெருந்தன்மையால் நம் மறைக்குக் கிடைத்த நிழல்களுள் அதுவும் ஒன்று.

அப்பெருநகரம் என்னவாயிற்று? 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகை. 1714-இல், தெருக்கூத்துகளிலும் கதைப்பாடல்களிலும் வாழும் தேசிங்குராஜன் ஆர்க்காட்டு நவாபுக்கு எதிராகப் போரிட்டு மாண்டார். அவரோடு அவருடைய இசுலாமிய நண்பரும் மாண்டார். பின்னர்ப் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறி, கடைசியில் யாருக்குமே வேண்டாததாயிற்று. இன்று அங்கே நெற்களஞ்சியம் வெறுமையாக நிற்கிறது. ஆயினும் மதிலுக்கு வெளியே ஊர் மக்கள் வயலில் நாற்று நடுகிறார்கள். தேசிங்கின் கதையைப் பாடுகிறார்கள். மக்கள் நினைவில் வைத்தது மதிலின் உயரத்தை அன்று, இரண்டு நண்பர்களின் அன்பை.

உதகையும் கொடைக்கானலும் இத்தகைய கேள்வியையே நம்முன் வைக்கின்றன. 1819-இல் நீலகிரியில் ஏறிய கோவை ஆட்சித்தலைவர் ஜான் சலிவன், சில ஆண்டுகளில் தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் கல்வீடு கட்டினார், முகாம் நகரமாயிற்று. கொடைக்கானலில் 1845-இல் முதல் வீடுகளைக் கட்டியவர்கள், சமவெளி நோய்களுக்குத் தம் குழந்தைகளைப் பறிகொடுத்த அமெரிக்க மறைப்பணியாளர்கள். ஆகவே, கட்டியவர் எல்லாரும் பேராசைக்காரர் என்று கூறிவிட முடியாது. துயரமும் மனிதரைக் கல்வீடு தேடச் செய்கிறது. ஆயினும் ஏற்கனவே அம்மலையில் வாழ்ந்தவர்களிடம் அவர்கள் கேட்டார்களா, கொடுத்தவர்களுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்ற கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது.

எதிர்த்திசையில் நடந்தவர்

மீண்டும் கடற்கரைக்கு வருவோம். தரங்கம்பாடிக்குத் தெற்கே நாகப்பட்டினம். நாம் வந்த இதே கரையில், எதிர்த்திசையில் நடந்து சென்ற ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். முத்துக்குளித்துறையின் பரதவர்களிடையே பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார், 1545-இல் நாகப்பட்டினத்திற்கு வந்தார். கப்பலில் மயிலைக்குச் செல்லப் புறப்பட்டும் காற்று இடங்கொடுக்கவில்லை. ஆகவே கால்நடையாகவே புறப்பட்டு சாந்தோமை அடைந்தார். பங்குக்குருவின் இல்லத்தில் தங்கி, ஏறத்தாழ நான்கு மாதங்கள் திருத்தூதரின் கல்லறையருகே செபித்தார். கீழை நாடுகளுக்குச் செல்வதே இறைத்திருவுளம் என்று அங்கேதான் தெளிந்தார். பின்பு மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

போர்த்துகல் அரசின் ஆதரவோடு வந்தவர் சவேரியார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நடையில் அவருக்குக் கோட்டை எதுவும் துணைவரவில்லை. வழியில் எங்கு உறங்கினார், யார் சோறிட்டார், எந்தக் குப்பத்தில் தாகத்திற்குத் தண்ணீர் கிடைத்தது என்பது எழுதப்படவில்லை. ஆனால் எவரோ கொடுத்திருக்க வேண்டும். இல்லையேல் அந்த நெடுவழியை அவர் கடந்திருக்க முடியாது. அவருக்குக் கதவு திறந்தவர்களுள் மிகப் பலர் கிறித்தவர்களாய் இருந்திருக்க இயலாது. நம்மிடம் விசுவாசம் வந்து சேர்ந்த வழியில் இத்தகைய பெயர் தெரியாத கைகளும் இருந்தன.

மோர் விற்ற சிறுவன்

வேளாங்கண்ணித் திருத்தலத்தின் மரபுகளை இவ்வெண்ணத்தோடு மீண்டும் கேட்டால் புதிய பொருள் தோன்றுகிறது. முதல் மரபில், பால் கொண்டு செல்லும் சிறுவன் களைப்பால் குளக்கரை ஆலமரத்தடியில் உறங்குகிறான். குழந்தையோடு வந்த பெண்மணி பால் கேட்கிறாள். இரண்டாவதில், கால் ஊனமுற்ற ஏழைச் சிறுவன் வழிப்போக்கர்களுக்கு மோர் விற்கிறான். அவனிடமும் அன்னை தன் குழந்தைக்காகக் கேட்கிறாள். மூன்றாவதில், புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் உயிர்தப்பிக் கரைசேர்கிறார்கள். மூன்றிலும் வழி இருக்கிறது, களைப்பு இருக்கிறது, கேட்பவரும் கொடுப்பவரும் இருக்கிறார்கள். அன்னை முதலில் வரம் அளிப்பவளாக வரவில்லை, கேட்பவளாக வந்தாள். மதிலுக்குள் வரவில்லை, மரத்தடிக்கு வந்தாள். 1962-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் பேராலய நிலைக்கு உயர்த்திய அத்திருத்தலம், வழிப்போக்கர் இளைப்பாறிய நிழலில் பிறந்தது.

தஞ்சை மண்ணில் இந்த உணர்வு சமய எல்லைகளைத் தாண்டியது. இராமேசுவரம் செல்வோருக்கென மராத்திய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில், எல்லாத் தரப்பு வழிப்போக்கர்களுக்கும் உணவும் நோயுற்றோர்க்கு மருத்துவமும் அளிக்கும் அச்சத்திரங்களைக் காக்க வேண்டினார். நாட்டை இழந்துகொண்டிருந்த அரசர், சத்திரத்தை இழக்கக்கூடாது என்று மன்றாடியது சிந்திக்கத்தக்கது.

இன்றும் ஆகஸ்டு மாதத்தில் காவியுடை அணிந்த திருப்பயணிகள், அன்னையின் சொரூபம் வைத்த சிறு தேரை இழுத்துக்கொண்டு சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடக்கிறார்கள். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் வாழும் நாம் ஆண்டுதோறும் அவர்களைக் காண்கிறோம். பெரும்பாலோர் உழைக்கும் மக்கள். அவர்களுக்கு நைலான் கூடாரம் கிடையாது. பள்ளித் திண்ணையும் ஆலய முற்றமும் புளியமர நிழலுமே தங்குமிடம். வழியோர வீட்டார் சமயம் பாராமல் தண்ணீரும் மோரும் கொடுக்கிறார்கள். அதே சாலையில், இருளில் நடந்து செல்வோர்மீது விரைந்து வந்த வாகனங்கள் மோதி உயிர்கள் போன செய்தியையும் நாம் படித்திருக்கிறோம். அந்த வாகனங்களுள் விடுமுறைக்குச் செல்லும் நம்மவருடையதும் இருக்கலாம் அல்லவா?

கூடாரம் கண்ணீரான காலம்

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் பொங்கி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களுள் இருந்தார்கள். உயிர்பிழைத்த மீனவக் குடும்பங்கள் தார்த்தாள் வேய்ந்த தற்காலிகக் கொட்டகைகளில் வெயிலில் வெந்தும் மழையில் நனைந்தும் மாதக்கணக்கில் காத்திருந்தன. நமக்குக் கூடாரம் ஓர் இரவின் மகிழ்ச்சி. அவர்களுக்கு அது வீடிழந்ததன் அடையாளம். இக்கரையில் கூடாரம் அடிக்கும் எவரும் இதை மறக்கலாகாது.

கடற்கரை வெறுமையான மணல்வெளி என்று நகரத்தார் எண்ணிக்கொள்கிறோம். அது படகு நிறுத்துமிடம், வலை பழுதுபார்க்கும் இடம், கருவாடு காயவைக்கும் களம். சனவரி முதல் சில மாதங்கள், திருவான்மியூர், நீலாங்கரைக் கரைகளில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. கரையின் விளக்கொளி குஞ்சுகளைக் கடலுக்குப் போகாமல் திசைதிருப்பிவிடுகிறது. 1991-இல் நடுவண் அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானங்களுக்கு வரம்பு விதித்தது. 2011-லும் 2019-லும் அது மாற்றியமைக்கப்பட்டது. சட்டம் எதுவாயினும், மாளிகைகளும் விடுதிகளும் எழுப்பும் சுற்றுச்சுவர்களுக்கு இடையே, கடலுக்குச் செல்லும் வழி மீனவருக்குக் குறுகி வருவதைக் கண்ணுள்ளோர் காணலாம். பீரங்கி இல்லை என்பதைத் தவிர, பழைய கோட்டைகளுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு குறைவு.

நாம் எத்தகைய பயணிகள்?

உருமாறிய ஆண்டவரை மலைமீது கண்ட பேதுரு, அங்கேயே கூடாரங்கள் அமைத்துத் தங்கிவிட விரும்பினார். ஆண்டவரோ சீடர்களைக் கீழே அழைத்து வந்தார். அங்கே நோயுற்ற மகனோடு ஒரு தந்தை காத்திருந்தார். இளையோர் மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் போகட்டும். வரலாற்றைக் காலால் நடந்து கற்கட்டும். ஆனால் கூடாரக் கயிற்றைக் கட்டும் முன் அந்தக் குப்பத்துப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். விடியும்போது குப்பை எதையும் விட்டு வராமல் திரும்பட்டும். ஆகஸ்டு மாதத்தில் அச்சாலையில் வண்டி ஓட்டுவோர் வேகத்தைக் குறைக்கட்டும். சாலையோரப் பங்குகள் தங்கள் மண்டபங்களை இரவு நேரத்தில் நடைப்பயணிகளுக்குத் திறந்து வைத்து, கால் கழுவத் தண்ணீரும் படுக்க இடமும் கொடுக்கட்டும். சரபோஜி மன்னர் பேணியதை ஒரு பங்குச் சமூகம் பேண இயலாதா?

தாவீது அரசர் ஆண்டவருக்கு இல்லம் கட்ட விரும்பியபோது, தாம் அதுவரை கூடாரத்திலேயே மக்களோடு உலவியதை நாத்தான் வழியாக இறைவன் அவருக்கு நினைவூட்டினார். கோவளம் முதல் தரங்கம்பாடி வரை இடிந்து கிடக்கும் சுவர்களும், ஆண்டுதோறும் அவற்றைக் கடந்து செல்லும் ஏழைத் திருப்பயணிகளும் நமக்கு நினைவூட்டுவது அதையே. ஆபிரகாம் தாமே கூடாரத்தில் வாழ்ந்தவராயினும், வெயிலில் வந்த மூவரைக் கண்டதும் ஓடிச்சென்று வரவேற்றார். சொந்த இடம் இருப்பவர்தான் பிறருக்கு இடம் கொடுக்க முடியும் என்பதில்லை. இக்கரையில் நாம் அனைவரும் விருந்தினரே. விருந்தினராய் வந்தவர் அடுத்து வருவோருக்கும் சற்று இடம்விட்டு உறங்க வேண்டும்.